அம்பாசடர் சைடு கவரும் கடலூர் உப்பும்

எங்கள் பட்டறைக்குப் பொருள் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது கலர் சார்ட்டைத்தான். இரும்பு கேட்டாக இருந்தாலும் கட்டிலாக இருந்தாலும் "அக்கா, அந்த சார்ட்டக் குடுங்க" என்று கை நீட்டுவார்கள். நான் சார்ட்டைக் கொடுத்துவிட்டு அவர்கள் கொண்டுவந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். துரு எங்கே குழி விழுந்திருக்கிறது, எண்ணெய் எந்த மடிப்பில் ஒளிந்திருக்கிறது, யார் எப்போது பெயின்ட் அடித்து எதை மறைத்தார்கள் என்பதெல்லாம் எனக்குக் கலரைவிட முக்கியம். புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் உட்கார்ந்து பவுடர் கோட்டிங், அதாவது தூளான பெயின்டை இரும்பில் ஒட்டவைத்து ஓவனில் வேகவைக்கும் வேலை, செய்கிறோம். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இங்கே கோட்டிங் பொரிந்து உரிந்தால், அடியில் உப்போ எண்ணெயோ தங்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

இந்தப் பதிவு கேட்டையும் கட்டிலையும் பற்றியது இல்லை. பெரியப்பாவின் அம்பாசடரைப் பற்றியது.

1978 மாடல், மார்க் 3. உள்ளே 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தில் பிஎம்சி கம்பெனி செய்த பி சீரிஸ் இன்ஜின்தான் இது. எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே குடும்பத்து 1489 சிசிதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் உருவம் மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலைக்கு வந்து அம்பாசடர் ஆனது. பெரியப்பாவுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுனில்) டாக்சியாக ஓட்டினார். ராத்திரி யார் கதவைத் தட்டினாலும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுப்பார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது ஷெட்டின் கூரை போய்விட்டது. அதற்குப் பிறகு வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது, பெரியப்பாவும் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். உப்பனாற்றுக் காற்று வருஷக்கணக்கில் தின்ற பிறகு, பெரியப்பா மகன், என் அண்ணன், அதைத் திரும்ப ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தார். மஞ்சக்குப்பத்து மெக்கானிக் அண்ணன் இன்ஜினை இறக்கிப் பிரித்தார். தகட்டுப் பாகங்கள் சாக்கில் கட்டி எனக்கு வந்தன.

சாக்கில் வந்தவை: இன்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவர், சைடு கவர் இரண்டு, டைமிங் கவர், அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப், ஃபேன், ஃபேன் புல்லி, டைனமோ பிராக்கெட், ஏர் கிளீனர் டப்பா, தெர்மோஸ்டாட் மேல் உட்காரும் வாட்டர் அவுட்லெட். எல்லாவற்றின் மேலும் பிரஷ்ஷால் அடித்த சில்வர் பெயின்ட். கிரீஸுக்கு மேலேயே அடித்திருந்தார்கள், நகத்தால் கீறினால் தோலாக வந்தது.

மெக்கானிக் அண்ணனுக்கு இதில் முதலில் விருப்பமே இல்லை. "ஏம்மா, டீசல்ல கழுவி ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சா போதாதா? ஓவன்ல போட்டு வேக வைக்கணுமா?" என்றார். அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. இன்ஜின் பிளாக்கை நானும் ஓவனில் போட மாட்டேன். அவ்வளவு கனமான வார்ப்பிரும்பு சூடாகவே மணிக்கணக்கில் ஆகும், உள்ளே இருக்கும் எண்ணெய் வழிகளை முழுக்க மறைத்துக் கோட்டிங் செய்வதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது மாதிரி. பிளாக்குக்கு நல்ல இன்ஜின் எனாமல் போதும். ஆனால் சைடு கவரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினில் அது மேனிஃபோல்டுக்கு (காற்றும் புகையும் போகும் குழாய்களுக்கு) அடியில் ஒளிந்திருக்கிறது. மாட்டிவிட்டால் பிறகு பிரஷ் போகாது. சூடும் எண்ணெயும் சேர்ந்து அடிக்கும் இடம். அங்கே ஒருமுறை போட்டால் கிடக்க வேண்டும். "அண்ணே, அதுக்கு மட்டுமாவது பவுடர்தான்" என்று சொல்லி ஆரம்பித்து, கடைசியில் எல்லாத் தகட்டையும் வாங்கிக்கொண்டேன்.

சைடு கவரில் இன்னொரு சங்கதி. வால்வுகளை இயக்கும் புஷ்ராட் கம்பிகளின் அறையை மூடும் இந்த இரண்டு கவரையும் தலா ஒரே போல்ட்தான் நடுவில் பிடிக்கிறது. எண்ணெய் கசிந்தால் யாராக இருந்தாலும் அந்த போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்கத் தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். எங்களுக்கு வந்த இரண்டுமே அப்படித்தான் தட்டுபோலக் குழிந்திருந்தன. கோட்டிங் போட்ட பிறகு நிமிர்த்த முடியாது, பவுடர் வெடித்துவிடும். அதனால் கசிவை அடைக்க வைத்திருந்த பழைய கார்க் பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, கவரைச் சமதளத் தட்டில் கவிழ்த்து, கட்டை வைத்துச் சிறு சுத்தியலால் ஓரத்தை நிமிர்த்தினோம். ஒளி புகாத அளவுக்கு ஓரம் உட்காரும் வரை தட்டினோம். டேப்பட் கவரின் விளிம்பும் இப்படித்தான். இந்த வேலைக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை, ஆனால் எண்ணெய் கசியாமல் இருக்கப்போவது இதனால்தான்.

எண்ணெய் எடுப்பது அடுத்த வேலை. டீசலில் ஊறவைத்து பிரஷ் போட்டுக் கழுவி, இரும்புத் தகடுகளைச் சூடான காஸ்டிக் சோடா தொட்டியில் இறக்கினோம். வாட்டர் அவுட்லெட் எங்கள் வண்டியில் அலுமினியம். அது காஸ்டிக் பக்கமே போகக்கூடாது, பொங்கிக் கரைய ஆரம்பித்துவிடும். அதை சோப்புத் தண்ணீரிலும் தின்னரிலும் தனியாகக் கழுவினேன்.

தொட்டியிலிருந்து எடுத்ததும் பளிச்சென்று இருக்கும். அதை நம்பக் கூடாது. நாற்பது வருஷம் எண்ணெயில் கிடந்த தகடு அது. சம்ப்பில் தகடு மேல் தகடு வைத்து ஸ்பாட் வெல்டு அடித்த இடங்களில் எண்ணெய் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வார்ப்புப் பாகங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றிலும் இருக்கும். பவுடர் போட்டு ஓவனில் வைக்கும்போது அந்த எண்ணெய் ஆவியாகி, உருகிக்கொண்டிருக்கும் பவுடரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஊசித் துளைகளும் கொப்புளமும் அப்படி வருபவைதான். அதனால் பவுடர் இல்லாமலேயே ஒருமுறை ஓவனில் வைத்தேன். பவுடர் வேகும் சூடு 200 டிகிரி என்றால் இது அதற்குக் கொஞ்சம் மேலே. கதவைத் திறந்தபோது புகை கண்ணைக் கரித்தது. சம்ப்பின் வெல்டு ஓரமெல்லாம் கருப்பாக வேர்த்திருந்தது. துடைத்து, கழுவி, மறுபடி ஓவன். வேர்ப்பது நிற்கும் வரை அடுத்த படிக்குப் போகவில்லை.

பிளாஸ்டிங், அதாவது கடினத் துகளைக் காற்றழுத்தத்தில் அடித்துத் துருவையும் பழைய பெயின்டையும் எடுப்பது, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளுக்கும் இன்ஜினுக்கும் ஆபத்து இருப்பது அங்கேதான்.

முதலில் ஆளுக்கு. ஆற்று மணலையோ கடல் மணலையோ காற்றில் பீய்ச்சி அடிப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. மணல் உடைந்து வரும் சிலிகாத் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் கொண்டுவரும். அந்த நோய்க்குத் திரும்பும் வழி கிடையாது. மணல் வேலை எடுப்பதில்லை என்று எங்கள் பட்டறையில் உறுதியாக இருக்கிறோம். கார்னெட்டோ அலுமினியம் ஆக்சைடோதான், அதுவும் மூடிய கேபினில், முகக் கவசத்தோடு.

அப்புறம் இன்ஜினுக்கு. பிளாஸ்டிங் துகள் ஒரே ஒரு மடிப்பில் தங்கிவிட்டாலும் போதும். வண்டி ஓடும்போது எண்ணெயில் கலந்து பேரிங்குக்குப் போகும். பேரிங்கின் மேல்பூச்சு மென்மையான உலோகம், துகள் அதில் பதிந்துகொண்டு கிராங்க் ஷாஃப்ட்டை அரைக்கும். கோட்டிங் அழகாக இருக்க, இன்ஜின் போய்விடும். அதனால் சம்ப், டேப்பட் கவர், சைடு கவர் எல்லாவற்றுக்கும் வெளிப்பக்கம் மட்டும்தான் பிளாஸ்டிங். உள்பக்கத்தை முகப்போடு முகப்பாகத் தகடு வைத்து போல்ட் போட்டு மூடினோம். முன்பக்க சைடு கவரில் இன்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாய் இருக்கிறது, அதன் இரண்டு வாயையும் ரப்பர் அடைப்பான் போட்டு அடைத்தோம். முடிந்த பிறகும் கம்ப்ரஸர் காற்று, சூடான தண்ணீர், மறுபடி காற்று. வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்து, துணி சுத்தமாக வந்தால்தான் விட்டோம். இன்ஜின் பாகத்தை கோட்டிங்குக்குக் கொடுக்கிறவர்கள் கலரைக் கேட்பதற்கு முன்னால் "உள்பக்கத்த எப்படி மூடுவீங்க?" என்று கேளுங்கள். பதில் தயங்கினால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தகடு மெல்லியது என்பதால் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கஷ்டப்பட்டு நிமிர்த்திய தகடு மறுபடி வளைந்துவிடும். ஃபேனின் சில்வர் பெயின்ட் போனதும் ரிவெட் பக்கத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. விரிசல். அதைக் கோட்டிங் செய்யவே இல்லை. அண்ணனுக்கு போன் செய்து வேறு ஃபேன் தேடச் சொன்னேன். சுற்றும்போது பிளேடு பிய்ந்தால் ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு போகும்.

இனி உப்பு. பிளாஸ்ட் செய்த இரும்பு சாம்பல் நிறத்தில் வெல்வெட் போல இருக்கும். இந்த ஊரில் அந்த நிறம் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஈரம் பட்டதும் மஞ்சள் தட்டும். ஈரத்தைச் சூடு போட்டுச் சமாளிக்கலாம். துருக் குழிக்குள் இறங்கிய உப்பு அப்படி இல்லை. சம்ப்பின் அடிப்பக்கம் முழுக்கக் குழி, உப்பனாற்றுப் பக்கத்தில் மண் தரையை ஒட்டி நின்ற வண்டியல்லவா. பிளாஸ்ட் செய்ததும் குழிகளெல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தன. டிஎம் வாட்டரில் (உப்பு நீக்கிய தண்ணீரில்) கழுவி உடனே காயவைத்து எடுத்து வைத்தேன். சற்று நேரத்தில் குழிகளின் அடியில் மட்டும் கருப்பும் பழுப்புமாகப் புள்ளிகள் கிளம்பின. சுற்றிலும் சாம்பல் நிறம் அப்படியே இருக்க, குழிக்குள் மட்டும் புள்ளி என்றால் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி கழுவி, காயவைத்து, மறுபடி பிளாஸ்டிங். புள்ளி வருவது நிற்கும் வரை அதைத் தொடர்ந்தேன். எங்கள் போர் தண்ணீரில் கடைசிக் கழுவல் செய்வதில்லை. கடலோரத்து போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் எடுத்த உப்பைத் திரும்ப வைத்த மாதிரி.

கையுறையும் இதற்காகத்தான். வெறுங்கையால் பிளாஸ்ட் செய்த தகட்டைத் தொட்டால் வியர்வையின் உப்பு பதியும். மறுநாள் ஐந்து விரலும் துருவாகத் தெரியும். பட்டறைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஒரு தகட்டில் கை வைக்கச் சொல்லி மறுநாள் காட்டுவேன். அதற்குப் பிறகு யாரும் கையுறையை மறப்பதில்லை.

நேரமும் காற்றும் பார்க்க வேண்டும். இரும்பின் சூடு, பனி படியும் சூட்டைவிட மூன்று டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்பது கோட்டிங் தொழிலின் பொது விதி. ஆனி, ஆடி மாதங்களில் காலையில் அடிக்கும் மேல்காற்று காய்ந்த காற்று. பிளாஸ்டிங்கை அப்போதே தொடங்கி, மதியம் கடல் காற்று உள்ளே நுழைவதற்குள் முடித்து, பொருளை ஓவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிய அந்த மழைக்காலத்தில், பிளாஸ்ட் செய்த எந்தப் பொருளையும் ஒரு ராத்திரி சும்மா வைக்க நான் சம்மதிக்கவில்லை. பெரியப்பாவின் பாகங்களை ஆடிக் காற்றுக்கென்றே காத்திருந்து செய்தேன்.

சாதாரணமாக எங்களைப் போன்ற பட்டறைகளில் ஏழு தொட்டி முறை இருக்கும். எண்ணெய் நீக்கம், துரு நீக்கம், பாஸ்பேட்டிங், பாசிவேஷன், இடையிடையே கழுவல். பிளாஸ்ட் செய்த பாகத்துக்கு ஆசிட் தொட்டி தேவையில்லை, பாஸ்பேட்டிங் தேவை. ஜிங்க் பாஸ்பேட் இரும்பின் மேல் நுண்ணிய படிகமாக வளர்ந்து பவுடருக்குப் பிடி கொடுக்கும். கோட்டிங்கில் எங்காவது கல் பட்டுக் கீறினாலும் துரு பக்கவாட்டில் ஊர்ந்து போகாமல் தடுக்கும். ஒரு எச்சரிக்கை: ஹெட் போல்ட், வால்வு ஸ்பிரிங் போன்ற கடின எஃகுப் பொருள்களை "கூடவே முக்கிக் குடுங்க" என்று தராதீர்கள். ஆசிட்டில் வரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை உடையக்கூடியதாக்கும். பிறகு ஓட்டத்தில் சொல்லாமல் உடையும்.

மாஸ்கிங், அதாவது பவுடர் படக்கூடாத இடங்களை மறைப்பது, உட்கார்ந்து செய்யும் வேலை. பேக்கிங் உட்காரும் முகப்பு, மரை, ஆயில் சீல் உட்காரும் வளையம் எல்லாவற்றுக்கும் சூடு தாங்கும் பச்சை டேப், சிலிக்கான் அடைப்பான். மஞ்சள் பேப்பர் டேப் ஓவனில் கருகிப் பசையாக ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் அண்ணன் இந்த இடத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "போல்ட் உக்கார்ற எடத்துல பவுடர் வேணாம்மா. இறுக்கினதும் அது நசுங்கும், கொஞ்ச நாள்ல போல்ட் லூஸ் ஆயிடும்." முழுக்க சரி. 60 முதல் 80 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் படலம் அது. டைனமோ பிராக்கெட்டில் போல்ட் தொடும் எல்லா முகங்களையும் வட்டமாக வெட்டிய டேப்பால் மறைத்தோம். அங்கே எர்த்தும் வேண்டும். பவுடர் கரன்டைக் கடத்தாது. எர்த் ஒயர் வரும் இடத்திலும் டைனமோ உட்காரும் இடத்திலும் வெறும் உலோகம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று நல்ல டைனமோவைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பவுடர் அடிப்பது இத்தனைக்கும் பிறகு சீக்கிரம் முடிகிற வேலை. சம்ப்புக்கு மட்டும் ஜிங்க் கலந்த எபாக்சி பிரைமர் பவுடர் போட்டு, அரைவேக்காட்டில் எடுத்து, மேலே கருப்பு. பானெட்டுக்கு அடியில் வெயில் படாது, அதனால் எண்ணெயையும் பெட்ரோலையும் தாங்கும் எபாக்சி பாலியஸ்டர் கலவைப் பவுடர் போதும். வெயிலில் நிற்கும் கேட்டுக்கு என்றால் சுத்த பாலியஸ்டர்தான் போடுவேன், எபாக்சி வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும். கருப்புக்கு கலர் சார்ட்டில் ஆர்ஏஎல் 9005 என்ற நம்பர், செமி கிளாஸ். டேப்பட் கவருக்குப் பெரியம்மா, "உங்க பெரியப்பா சாம்பல் கலர்தான் அடிச்சி வெச்சிருப்பாரு" என்றார்கள். சாம்பலே போட்டேன்.

ஸ்பிரே கன்னில் இருந்து வரும் பவுடர் சார்ஜ் ஏறி வந்து எர்த் ஆன இரும்பில் ஒட்டும். பொருள் தொங்கும் கொக்கியில் பழைய பவுடர் படிந்திருந்தால் எர்த் அறுந்துவிடும், பவுடர் ஒட்டாமல் உதிரும். அதனால் புதுக் கம்பியில் மாட்டினேன். புல்லியின் பள்ளத்துக்குள்ளும் சம்ப்பின் மூலைகளிலும் பவுடர் போக மறுக்கும், மின்புலம் விளிம்போடு நின்றுவிடுவதால். அங்கே கன்னின் வோல்டேஜை ஐம்பது கிலோவோல்ட்டுக்குக் கீழே இறக்கி, காற்றையும் குறைத்து, முதலில் மூலைகளை அடித்துவிட்டுப் பிறகு வெளியே வந்தேன்.

ஓவனில் ஒரு விஷயம். பவுடர் பையில் 200 டிகிரியில் பத்து நிமிஷம் என்று போட்டிருந்தால், அது உலோகத்தின் சூடு. ஓவன் மீட்டர் காட்டுவது காற்றின் சூடு. தகட்டுக் கவர் சீக்கிரம் சூடேறும், வார்ப்பிரும்பு புல்லி நிதானமாக ஏறும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஒன்று கருகும், இன்னொன்று வேகாமல் நிற்கும். அதனால் கனத்தைப் பார்த்துப் பிரித்துத்தான் வைத்தேன். வெந்ததா என்று பார்க்க, ஆறிய பிறகு பஞ்சில் தின்னர் தொட்டுக் கண்ணில் படாத ஓரத்தில் அழுத்தித் தேய்ப்பேன். கலர் பஞ்சில் ஏறினால் மறுபடி ஓவனுக்குப் போகும்.

அண்ணன் ரேடியேட்டரையும் பெட்ரோல் டேங்கையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஈயப் பற்று வைத்த இணைப்புகள் அவை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், 200 டிகிரி ஓவனில் இணைப்பு பிரிந்துவிடும். ரப்பர் ஒட்டிய இன்ஜின் மவுண்டிங்கும் அப்படித்தான், வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சாதாரண பவுடர் போட்டால் ஓட்டத்தின் சூட்டிலேயே எரிந்துபோகும். சிலிக்கான் அடிப்படையில் ஐந்நூறு டிகிரி வரை தாங்கும் பவுடர்கள் இருக்கின்றன, வார்ப்பிரும்பில் அதைச் செய்து பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் பழைய மேனிஃபோல்டின் துளைகளில் கிடக்கும் கரியும் எண்ணெயும் முழுக்க வெளியேறாமல் அதில் கை வைக்க மாட்டேன். இப்போதைக்கு அது பிளாஸ்ட் ஆகி, ஓவன் பக்கத்தில் எண்ணெய் வேர்க்கிறதா என்று பார்த்தபடி காத்திருக்கிறது. கவர்கள் மஞ்சக்குப்பம் போய்விட்டன. சைடு கவர் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று மட்டும் மெக்கானிக் அண்ணனிடம் பேச வேண்டியிருந்தது. "பேக்கிங் நசுங்க ஆரம்பிச்சதும் நிறுத்திடறேன், கவலப்படாத" என்று சொல்லியிருக்கிறார்.